மலைநாட்டில் பாய்ப்படகு: நானே கட்டலாமா?

கேள்வி: ஐயா, நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், மெஷின் திருத்தும் பிட்டராக இருக்கிறேன். வயது 46. எங்கள் லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்றால் காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் தெரியும். சின்ன வயதிலிருந்தே அதில் பாய் விரித்துப் போகவேண்டும் என்று ஆசை. 16 அடியில், படுத்து எழும்ப ஒரு சின்ன அறையோடு, நானே ஒரு பாய்ப்படகு கட்டலாம் என்று நினைக்கிறேன். லயத்துக்குப் பின்னால் 18 அடி நீளம், 8 அடி அகலத்தில் தகரக் கொட்டகை இருக்கிறது. தச்சு வேலை ஓரளவு வரும். கரையோரத்தில் பழைய பைபர் படகு ஒன்றை வாங்கினால் இதைவிடச் செலவு குறைவு என்கிறார் மச்சான். "தொடங்கினா முடிப்பீங்களா? மலையில இருக்கிறவங்களுக்கு எதுக்குப் படகு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். 14 வயது மகள் மட்டும் என் பக்கம். கட்டலாமா? கட்டினால் எனக்கு என்ன கிடைக்கும்?

பதில்: கட்டலாம். ஆனால் 16 அடி வேண்டாம், அறையும் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் மச்சான் சொன்னதைப் பார்ப்போம். அவர் கணக்கில் பிழையில்லை. தண்ணீரில் போவது மட்டும்தான் ஆசை என்றால் பழைய பைபர் படகை வாங்குவதே மலிவு, அடுத்த மாதமே மிதக்கலாம். பலகை, ரெசின், கண்ணாடிநார்த் துணி, ஸ்குரூ, பெயின்ட், பாய்த் துணி, கயிறு என்று ஒவ்வொன்றாக வாங்கிக் கூட்டிப் பார்த்தால், உங்கள் கூலியைச் சேர்க்காமலே, சொந்தமாகக் கட்டும் படகு மலிவாக முடிவது அபூர்வம். காசு மிச்சம் பிடிக்கலாம் என்று தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். படகு கட்டும் தொழிலில் இருந்து நான் திரும்பத் திரும்பக் கண்டது அது.

நீங்கள் கேட்டிருப்பது செலவை அல்ல, என்ன கிடைக்கும் என்பதை. அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஸ்டோரில் நீங்கள் ரோலரைக் கழற்றிப் பூட்டுகிறீர்கள், டிரையருக்குப் பேரிங் மாற்றுகிறீர்கள். வேலை சுத்தமாக இருக்கும்வரை யாரும் உங்களை நினைப்பதில்லை. மெஷின் நின்றால்தான் தேடி வருவார்கள். மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் அப்படித்தான். பறித்ததை இன்னொருவர் நிறுப்பார், இன்னொருவர் எழுதுவார், போதும் போதாது என்று இன்னொருவர் சொல்வார். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் உழைப்பை அளந்த கோல் உழைத்தவர் கையில் இருந்ததில்லை. சொந்தப் படகு கட்டும்போது அந்தக் கோல் உங்கள் கைக்கு வருகிறது. எந்த மூட்டு போதும், எதைப் பிரித்துத் திரும்பச் செய்யவேண்டும், இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு என்ற தீர்ப்பெல்லாம் உங்களுடையது. படகில் இந்தத் தீர்ப்புக்குப் பெறுமதி அதிகம். சரிந்து நிற்கும் அலுமாரிக்குக் காலின்கீழ் ஒரு அட்டையைச் செருகிச் சமாளிக்கலாம். தண்ணீரில் அப்படிச் சமாளிக்க முடியாது. நீங்கள் சரி என்று விட்ட மூட்டு சரிதானா என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். அப்படிச் சோதிக்கப்பட்டுத் தேறும் வேலை தரும் நிறைவு, பாராட்டினால் வரும் நிறைவைவிட ஆழமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெள்ளோட்ட நாளில்தான் சந்தோசம் வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வேலைக்குள்ளேயே சில நாட்கள் இருக்கின்றன. உங்களுக்கு நான் சொல்லும் முறை, ஒட்டுப்பலகையைக் கம்பியால் தைத்து ரெசினால் ஒட்டுவது. பலகையைத் தரையில் தட்டையாகப் போட்டு வரைபடத்தின் அளவுகளைப் புள்ளியாக வைத்து, புள்ளிகளில் ஆணி அடித்து, அவற்றின்மேல் ஒரு மெல்லிய சட்டத்தை வளைத்துக் கோடு கீறி, அறுக்க வேண்டும். விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை. இரண்டு பலகைகளின் எதிரெதிர்த் துளைகளில் செப்புக் கம்பியைக் கோத்து வெளிப்பக்கம் முறுக்குவது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புக் கம்பி போதும். எரிந்துபோன மோட்டரைத் திரும்பச் சுற்றும் கடையில் கழித்துப் போடுவதே இதற்கு ஆகும்.

முதலில் கோத்த கம்பிகளில் ஒன்றும் தெரியாது. பலகைகள் லொடலொடவென்று தொங்கிக்கொண்டிருக்கும். அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, நெருங்கும்போது பலகை எதிர்க்கத் தொடங்கும், உள்ளே நார் இழுபடும் சத்தம் கேட்கும். ஒருவர் இரண்டு விளிம்பையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் குறட்டால் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கவேண்டும். அவசரப்பட்டால் கம்பி அறும், இல்லாவிட்டால் துளை கிழியும். அந்த இடத்தில் பிடிக்க உங்கள் மகள் இருக்கட்டும். இப்படி முறுக்கிக்கொண்டே போகையில் ஒரு கட்டத்தில், காலையில் தரையில் தட்டையாகக் கிடந்த துண்டுகள் விலாவும் வயிறுமாக எழுந்து நிற்கும். நீங்கள் வளைவு என்று ஒன்றைத் தனியாகச் செதுக்கவே இல்லை. அறுத்த விளிம்பின் கோட்டிலிருந்தே வளைவு வந்துவிட்டது. படகு கட்டுவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கே அந்தப் பின்னேரம் இன்னும் பழகிப்போகவில்லை.

அதற்குப் பிறகுதான் கை படிக்கும் காலம். ரெசினில் மெல்லிய மரத்தூளைக் கலந்து பசையாக்கி, உள்மூலைகளில் வைத்து, கரண்டியின் முதுகால் ஒரே இழுவையாக இழுத்துக் குழிவாக்க வேண்டும். இறுகிய பிறகு அதன்மேல் கண்ணாடிநார் நாடா. வெளிக்கம்பிகளை வெட்டி உருவிவிட்டு, விளிம்பை உருட்டி, அங்கும் நாடா. முதல் மூலையையும் கடைசி மூலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு ஆட்கள் செய்ததாகத் தெரியும். விளிம்புச் சட்டங்களை ஒட்டும்போது கிளாம்ப் போதாது. பழைய 4 அங்குல பீவீசீ குழாயை ஒரு அங்குல வளையங்களாக அறுத்து, ஒவ்வொரு வளையத்திலும் ஒரு வெட்டுப் போட்டால் பலகையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் கிடைத்துவிடும். பிறகு தேய்ப்பு. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இடத்தில் உள்ளங்கை ஒரு மேட்டைக் கண்டுபிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு அணியத்திலிருந்து பின்பலகை வரை கையை ஓடவிடுங்கள், எங்கே தடங்குகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். சில வாரங்களில் உங்கள் கை இதற்கு முன் அறியாத ஒன்றை அறிந்திருக்கும். ரோலரின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லும் உங்களுக்கு இது புரியும்.

படகு மிதந்த பிறகும் இந்த அறிவு கூடவே வரும். காற்றில் பாய்மரம் முனகினால் எந்த இடம் முனகுகிறது என்று தெரியும். கல்லில் உரசி அடி கிழிந்தால் பதற மாட்டீர்கள். அந்த இடத்தில் எத்தனை படை துணி போட்டோம், உள்ளே என்ன இருக்கிறது என்பது மனப்பாடம். வாங்கிய படகுக்காரருக்கு இது வர வருசக்கணக்காகும்.

"மலையில இருக்கிறவங்களுக்கு எதுக்குப் படகு" என்ற கேள்விக்கு வரலாறே பதில் சொல்லும். உலகில் பிள்ளைகள் பாயோட்டம் பழகும் ஒப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகை 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்தார். எட்டுக்கு நாலடி ஒட்டுப்பலகை இரண்டில், வீட்டுக் கொட்டகையில், தச்சர் அல்லாத ஒருவர் கட்டவேண்டும் என்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட நிபந்தனை. நீளம் 7 அடி 9 அங்குலம். நான் மேலே சொன்ன தைத்து ஒட்டும் முறையை ஊரறியச் செய்தது 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த மிரர் என்ற படகு. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு வேலை கற்றுக்கொடுத்த பாரி பக்னலும் சேர்ந்து, ஒரு பத்திரிகையின் ஆதரவில் அதை உருவாக்கினார்கள். நீளம் 10 அடி 10 அங்குலம், வெறும் உடல் 45 கிலோ அளவு. எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன, அவற்றில் ஏராளமானவை கடலோரம் அல்லாத ஊர்களில் சாதாரண வீடுகளின் கராஜிலும் கூடத்திலும் கட்டப்பட்டவை. நம்முடைய பக்கத்தில் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், பெயர் மாறி, வல்வை மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அந்த மேஸ்திரிமார் தலைமுறையாகத் தொழில் செய்தவர்கள், அவர்களோடு நம்மை ஒப்பிடத் தேவையில்லை. ஆனால் மரத்தை வளைத்துப் பாய் கட்டுவது தமிழ் பேசும் கைகளுக்குப் புதிதல்ல என்பதை வீட்டில் சொல்லலாம்.

இனி 16 அடி ஏன் வேண்டாம் என்பது. படகின் நீளம் கூடும்போது பாரமும் செலவும் ஏறக்குறைய நீளத்தின் கன அளவில் கூடும். 10 அடிக்கும் 16 அடிக்கும் வித்தியாசம் ஆறு அடிதான் என்று தோன்றும். ஆனால் 1.6ஐ மூன்று தரம் பெருக்கிப் பாருங்கள், நாலுக்கு மேல் வரும். அதாவது ஏறக்குறைய நாலு படகின் பாரமும் செலவும். தேய்ப்பும் இரண்டு மடங்கைத் தாண்டும். அறை வைத்தால் அதற்கும் மேல். உங்கள் கொட்டகை 8 அடி அகலம். 6 அடி அகலப் படகை உள்ளே வைத்தால் இரு பக்கமும் ஒவ்வொரு அடிதான் மிஞ்சும், அதற்குள் நின்று இழைப்புளி பிடிக்க முடியாது. முடித்த பிறகு அதைத் தேயிலை மலைக்குள்ளால், படிக்கட்டும் கானும் தாண்டி, தண்ணீருக்கு எப்படி இறக்குவீர்கள்? 11 அடிக்குள் ஒரு படகு என்றால் நாலு பேர் தோளில் வைத்து இறக்கிவிடலாம். நீங்களும் மகளும் தாராளமாக உட்காரலாம். மிரர்தான் கட்டவேண்டும் என்றில்லை. அந்த அளவில், தைத்து ஒட்டும் முறையில் வந்த, பலர் கட்டி முடித்த ஒரு வரைபடத்தை எடுங்கள். வரைபடத்தை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள். பாய் காற்றைப் பிடிக்கும் மையமும், படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அடிப்பலகை தண்ணீரைப் பிடிக்கும் மையமும் ஒன்றையொன்று பார்த்து வைக்கப்பட்டவை. பாய்மரத்தை ஒரு அடி தள்ளி வைத்தாலே சுக்கான் கையில் நிற்காது.

பலகை விசயத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை லயங்களில் இன்னும் கிடக்கும், அதைக் கோழிக்கூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 6 மில்லிமீற்றர் மரைன் ஒட்டுப்பலகை, அதாவது தண்ணீரில் படை பிரியாதது, வேண்டும். கடைக்காரர் மரைன் என்று சொன்னால் மட்டும் போதாது. ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்து, காயவைத்து, மறுபடியும் கொதிக்கவையுங்கள். படை பிரியாவிட்டால் வாங்கலாம். வெட்டு விளிம்பில் உள்ளே இடைவெளி தெரிந்தால் வேண்டாம். பாய்மரத்துக்கு முடிச்சில்லாத, நேர் நாருள்ள சைப்பிரஸ் அல்லது பைன் உங்கள் பக்கமே கிடைக்கும். சவுக்கு மரமோ டேர்பன்டைன் மரமோ வேண்டாம், அவை பாரம். மேலே பாரம் கூடினால் படகு கவிழத் தேடும்.

ரெசின்தான் மலையில் தனிக் கவனம் கேட்பது. பைபர் படகுக்குப் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசின் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. மரத்தில் அது நீண்டகாலம் பிடித்து நிற்பதில்லை. எபொக்சி ரெசின் வாங்குங்கள். எபொக்சிக்கு வெப்பம் 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கரையோரத்தில் பின்னேரம் ஒட்டி மறுநாள் தேய்ப்பதை நீங்கள் மூன்றாம் நாள்தான் தேய்ப்பீர்கள். அவசரத்துக்கு ஹார்ட்னரை (ரெசினை இறுகவைக்கக் கலக்கும் திரவம்) கூட்டி ஊற்றக்கூடாது. எபொக்சியில் கலவை அளவு மாறினால் அது ஒருபோதும் முழுதாக இறுகாது. டின்னைச் சுடுநீரில் கொஞ்சம் வைத்து எடுங்கள், ஒட்டிய இடத்துக்குமேல் அட்டைப்பெட்டி கவிழ்த்து உள்ளே பல்பு எரியவிடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்வரை மட்டும். ஈரக்காற்றில் இறுகிய எபொக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்புப் படியும். அதைத் தண்ணீரும் சட்டி தேய்க்கும் நாரும் கொண்டு கழுவிவிட்டுத்தான் அடுத்த படை. கழுவாவிட்டால் மேற்படை உரிந்து வரும். மூடுபனி இறங்கிய பின்னேரங்களில் ரெசின் வேலையே வேண்டாம், அன்றைக்குத் துடுப்பை இழையுங்கள். கையுறை கட்டாயம். ஒரு விசயத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன்: டிரையர் பக்கம் சூடாக இருக்கிறதே என்று ரெசின் பூசிய துண்டுகளை ஸ்டோருக்குள் கொண்டுபோகாதீர்கள். தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். ஒரு துண்டுப் பலகைக்காக ஒரு நாள் தூள் பாழாகும், உங்கள் வேலையும் போகும்.

மலைக்காற்று கடற்காற்று மாதிரி அல்ல. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. காசல்ரீயின் உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கும், நுவரெலியா கிரகரி வாவியில் ஆறில் ஒரு பங்கும் குறைவு. அதே வேகக் காற்று அங்கே பாயைக் கொஞ்சம் மெதுவாகத்தான் தள்ளும். இதை நம்பிப் பாயைப் பெரிதாக்க வேண்டாம். மலை இடுக்குகளால் வரும் காற்று சொல்லாமல் திசை மாறும், திடீரென்று அடிக்கும். ஆகவே பாய்க்கயிற்றை எந்தக் காரணத்துக்கும் கட்டி வைக்காதீர்கள், கையிலேயே இருக்கட்டும். காற்று அடித்தால் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் பழகத் தொடங்க வேண்டாம். சிவனொளிபாதமலை சீசன் மாதங்களில், அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரை, காலை வேளையே நல்லது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழைக்கு முன் கரையில் இருங்கள். திறந்த தண்ணீரில் உயர்ந்து நிற்பது உங்கள் பாய்மரம் மட்டும்தான்.

நீர்த்தேக்கத்தின் அடியையும் நினையுங்கள். மவுசாக்கலையில் தண்ணீர் வற்றினால் பழைய மஸ்கெலியா ஊரின் கோவில் வெளியே தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காசல்ரீயிலும் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும்போது மரக்கட்டையும் பாறையும் மேலே நெருங்கி வரும். நேராகச் செருகும் அடிப்பலகையைவிட, எதிலாவது தட்டினால் பின்னுக்கு மடங்கும் அடிப்பலகையும், மேலே தூக்கும் சுக்கானும் உள்ள வரைபடம் உங்களுக்குப் பொருந்தும். கவிழ்ந்தாலும் படகு தாழக்கூடாது. அதற்கு மூடிய காற்றறைகள் வேண்டும், அவற்றுக்குள் மூடி இறுக்கிய வெறும் சோடாப் போத்தல்களை நிரப்பலாம். ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்று ஏறக்குறைய ஒன்றரை கிலோவைத் தாங்கும். நூறு போத்தல் என்றால் 150 கிலோ. லைப் ஜாக்கட் இல்லாமல் நீங்களும் ஏறவேண்டாம், மகளையும் ஏற்றவேண்டாம். இருவருக்கும் நீச்சல் தெரியாவிட்டால் படகு கட்டும் மாதங்களிலேயே அதைப் பழகிவிடுங்கள். இறக்குமுன் நீர்த்தேக்கத்துக்குப் பொறுப்பான மின்சார அதிகாரிகளிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். நீர் எடுக்கும் வாய்ப்பக்கமும் அணைக்கட்டுப் பக்கமும் எந்த நேரத்திலும் போகக்கூடாத இடங்கள்.

"தொடங்கினா முடிப்பீங்களா" என்பது நியாயமான கேள்வி. வீட்டில் கேட்டது சரிதான், வார்த்தையால் பதில் சொல்லவும் வேண்டாம். கொட்டகையைக் காலி செய்யாமல், படகு உடலுக்குப் பலகை ஒன்றும் வாங்காமல், முதலில் சுக்கானை மட்டும் செய்யுங்கள். 18 மில்லிமீற்றர் பலகையில் ஒரு துண்டு போதும். முன்விளிம்பு உருண்டை, பின்விளிம்பு மெல்லியது, இரு பக்கமும் ஒரே வளைவு. அட்டையில் வளைவை வெட்டி வைத்து இரு பக்கமும் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஊடே தெரிந்தால் இன்னும் இழைக்கவேண்டும். எபொக்சி கலப்பது, துணி போடுவது, தேய்ப்பது எல்லாம் அந்த ஒரு துண்டிலேயே பழகிவிடும். வேலைக்குப் போய்வந்த பின் கிடைக்கும் நேரத்தில் அது முடிந்தால், பிடித்தும் இருந்தால், பலகைக்குக் காசு போடுங்கள். முடியாவிட்டால் மச்சான் சொன்ன பைபர் படகைப் பார்க்கலாம், அதிலும் குறை ஒன்றும் இல்லை. சுக்கான் முடிந்ததும் ஒரு படத்தோடு எழுதுங்கள். பாயைத் தார்ப்பாலினில் எப்படி வெட்டுவது, வயிறு வர எங்கே எவ்வளவு மடித்துத் தைப்பது என்பதை அடுத்த பதிலில் விளக்கமாகச் சொல்கிறேன்.